இடி தொட்ட பிள்ளை

உறைபனியில் காய்ந்த உருளைக்கிழங்கை மிதித்துச் சாறு பிழிவதில் அந்த மலைச்சரிவில் உர்பேயை மிஞ்ச ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான். கணவன் வாமான் பொதி சுமக்கும் லாமாவை ஓட்டிக்கொண்டு வயலிலிருந்து தாமதமாக வந்தால், "ஏன்யா, வழியில லாமா உன்னை மேய்ச்சுக்கிட்டு இருந்துச்சா?" என்பாள். அவன் சிரித்தபடி சோள மதுவில் முதல் வாயை மண்தாய்க்கு ஊற்றிவிட்டு மீதியைக் குடிப்பான்.

அந்த வாய் ஒரு முறை அடைத்துப்போனது. பக்கத்து வீட்டுக் குஸியின் மகளை இன்கா மன்னரின் ஆட்கள் கூட்டிப்போன அன்றுதான். உடம்பில் ஒரு வடுகூட இல்லாத பெண்பிள்ளைகளாகப் பார்த்து எடுப்பார்கள். சிலர் தலைநகரில் மன்னருக்குத் துணி நெய்வார்கள். சிலரைப் பனிச்சிகரத்துச் சாமிக்குப் பலி கொடுத்துவிடுவார்கள். குஸியின் மகள் சிகரத்துக்குப் போனாள். பெற்றவள் அழுதால் காணிக்கை கெட்டுவிடும் என்று விருந்தில் குஸியைச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து உர்பேக்குள் ஒரு பயம் குடியேறிவிட்டது.

இந்த அறுவடை முடிந்ததும் பெண் எடுக்க மன்னரின் அதிகாரி மறுபடியும் வருகிறார் என்று செய்தி வந்தது. உர்பேயின் மகள் திக்காவுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்திருந்தது. கண்பட்டுவிடும்போல் ஒரு முகம். வாமான் வயலுக்குப் போன நேரம் பார்த்து, உர்பே அடுப்பிலிருந்து சூடேறிய உருண்டைக் கல்லை எடுத்து மகளின் தோளில் வைத்தாள். பிள்ளை அலறிய அலறலில் அடுப்படியில் கறிக்கு வளர்த்த குட்டிக் கினிப்பன்றிகள் மூலைக்கு ஓடின. உர்பேயும் கதறினாள். பாவி, வேறு என்னதான் செய்வாள்?

"பைத்தியமாடி உனக்கு?" என்று வயலிலிருந்து வந்த வாமான் தலையில் அடித்துக்கொண்டான். "மன்னருக்குப் போற பொண்ணுக்குச் சூடு வச்சேன்னு தெரிஞ்சா உன்னை மலையிலேருந்து உருட்டிவிட்ருவாங்க!"

"உருட்டட்டும். இவ இருப்பால்ல? அடுப்புல விழுந்துட்டான்னு சொல்லுய்யா, போதும்."

அதிகாரி வந்தார். காதில் தங்கக் குண்டலம் கனத்தது. வாமான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே சூட்டுக் காயத்தைச் சுற்றி விரலால் தடவினார்.

"அடுப்புல விழுந்தா இவ்வளவு வட்டமாவா சுடும்? யாரு வச்ச சூடு இது?"

அவர் கண் உர்பேயின் மேல் போய் நின்றது. காவலாளி ஓரடி முன்னால் வந்தான். வாமான் குறுக்கே பாய்ந்தான்.

"எசமான், அடுப்பு இல்ல... பயந்து பொய் சொல்லிட்டேன். இடி. இடி தொட்டுச்சு எசமான்."

அதிகாரி சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பிறகு திக்காவின் முன் தலை குனிந்தார். காவலாளியும் குனிந்தான்.

இடி தொட்டுப் பிழைத்த உயிர் இடிச்சாமியின் சொத்து. அந்த மலையில் தவழும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். வாமானுக்கும் தெரியும். மனைவியைக் காப்பாற்றும் பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான்.

"முதல்லயே சொல்ல வேண்டியதுதானே," என்றார் அதிகாரி, மிகவும் மரியாதையாக. "இது குறை இல்லப்பா. சாமி தனக்குன்னு போட்டுக்கிட்ட அடையாளம். தலைநகரத்துக்குப் போக வேண்டாம். நேரா சிகரத்துக்குத்தான்."

வாமான் திக்காவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஊரே கூடி விருந்து வைத்தது. திக்காவுக்குப் புதுத்துணி உடுத்தி, தலையில் இறகு வைத்தார்கள். தோள் இன்னும் எரிகிறது என்று அவள் அம்மாவைத் தேடினாள். குஸி உர்பேயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மதுக் கிண்ணத்தை அவள் கையில் திணித்தாள்.

"எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் மெதுவாக. "சிரிடி. நானும் சிரிச்சேன்ல?"

உர்பே முதல் வாயை மண்ணில் ஊற்றினாள். பிறகு சிரித்தாள்.