மீன்கள் சாகத் தொடங்கிய ஐப்பசி

மகள் போன மறு வருஷம், ஐப்பசி மாதத்தில், எங்கள் வீட்டு மீன்கள் சாகத் தொடங்கின.

அவை கடல் மீன்கள். எழுபதுகளின் கடைசியில் மதுரையில் கடல் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்த வீடு வேறு எதையும் நான் பார்த்ததில்லை. நான் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாணவர்களை மண்டபம் கடற்கரைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். துவாரம் விழுந்த பவளக் கல், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள், அந்த மீன்கள் ஒளிந்துகொள்ளும் கடல் சாமந்தி, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள். தண்ணீரைப் பிளாஸ்டிக் கேன்களில் ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏற்றிக்கொண்டு வருவேன். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஒவ்வொரு தடவையும் கேனைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் கடத்துகிறேன் என்று கடைசி வரை அவருக்குச் சந்தேகம்.

சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் எங்கள் வாடகை வீடு. வாசலில் எப்போதும் லாரிச் சத்தமும் மூட்டை இறக்குகிறவர்களின் சத்தமும். கூடத்துக்குள் வந்துவிட்டால் தொட்டியில் காற்றுக் குமிழி விடும் மோட்டாரின் முனகல் மட்டும். மகளுக்கு எட்டவேண்டும் என்பதற்காகவே தொட்டியைத் தாழ்வான பெஞ்சில் வைத்திருந்தேன். அவளுக்கு நாலு வயது. இடது மூலையில் குந்தி உட்கார்ந்து நகத்தால் கண்ணாடியைத் தட்டுவாள். டிக், டிக். மீன்கள் அங்கே வந்து கூடும். மத்தியானத்தில், நறுக்கிய இறால் துணுக்கை அவள்தான் போடுவாள். நான் தட்டினால் வராது. அதில் அவளுக்கு அம்புட்டுப் பெருமை.

கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இப்போதும் வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. நான் கல்லூரிக்குப் போனேன், வந்தேன். மனைவி சமைத்தாள். ஒரு நாள் மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேக்குதா?"

"என்ன?"

"கண்ணாடியத் தட்டுற சத்தம்."

எனக்குக் கேட்கவில்லை. நண்டு தன் சங்கோடு கண்ணாடியில் மோதியிருக்கும் என்று சொன்னேன். ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது மீன்கள் எல்லாம் இடது மூலையில், கண்ணாடியை ஒட்டி, வெளியே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தன. அந்த நேரத்தில் இரை கிடைத்துப் பழகிய மீன்கள் அங்கேதான் வந்து நிற்கும். வகுப்பில் இதை எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இருந்தும் அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

அப்படியே மாதங்கள் ஓடின. மத்தியான நேரத்தில் அவள் சில சமயம் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

ஐப்பசியில் முதலில் நண்டுகள் போயின. ஒரு நண்டு தன் சங்கை விட்டே வெளியே வந்து, அம்மணமாக மணலில் கிடந்தது. பிறகு சாமந்தி சுருங்கிப் பழைய துணி மாதிரி ஆனது. அதற்கப்புறம் மீன்கள். மேலே ஒரு காயம் இல்லை, புள்ளி இல்லை. நிறம் மங்கும், செவுள் படபடவென்று அடிக்கும், மறுநாள் ஓரமாக மிதக்கும். நான் சின்ன வலையால் எடுத்து ஒரு காகிதத்தில் வைப்பேன். மனைவி அடுப்படி நிலையில் நின்று கேட்பாள்.

"இன்னைக்கும் போச்சா?"

"ம்."

வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, "பிள்ள கூப்பிடுது சார், அதான் ஒண்ணொண்ணாப் போகுது" என்று சொன்னார். நான் அவரை வெளியே போகச் சொல்லாத குறை. ஆனால் அந்தச் சொல் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. வலையைத் தண்ணீருக்குள் விடும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினேன். கரன்ட் போகும் நேரங்களில் காற்று நின்று மூச்சு முட்டியிருக்குமோ என்று, மோட்டார் நின்றதும் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிப் பார்த்தேன். வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறியிருக்குமோ என்று அளந்தேன். சரியாகவே இருந்தது. கொசுவர்த்தியை நிறுத்தச் சொன்னேன். ஊதுபத்தியையும் நிறுத்தச் சொன்னேன். மகள் படத்துக்கு முன்னால் ஏற்றுகிற ஊதுபத்தி அது. மனைவி அதையும் நிறுத்திவிட்டாள். பாதித் தண்ணீரை மாற்றினால் நாலைந்து நாள் தெளிவாக நீந்தும். பிறகு பழையபடி சாவு.

கடைசியில், ரசாயனத் துறையில் இருந்த நண்பரிடம் ஒரு பாட்டிலில் தண்ணீரைக் கொண்டுபோனேன். வீட்டில் சௌராஷ்டிரமும் எங்களோடு சுத்த மதுரைத் தமிழும் பேசுகிறவர். ஏதோ ஒரு மருந்தைச் சொட்டு விட்டார். தண்ணீர் மஞ்சளாகிப் பழுப்பானது.

"செம்பு சார்" என்றார். "உங்க தொட்டில எங்கயோ செம்பு கரையுது."

செம்பு என்றதும் எல்லாம் விளங்கிவிட்டது. ஓடுள்ளதும் எலும்பில்லாததும் முதலில் போகும், மீன் பிறகு போகும். காற்றுக் குழாயில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருந்தது. பித்தளையிலும் பாதிக்கு மேல் செம்புதான். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கில் ஒன்று மாட்டினேன். தண்ணீரையும் மாற்றினேன். அன்றைக்கு வெகுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் இன்னொரு மீன் செத்தது.

ஞாயிற்றுக்கிழமை, மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம், கல்லையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு மணலைத் துழாவினேன். இடது மூலையில், கண்ணாடி ஓரமாக, விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சுருட்டிக் கறுப்பு நூல் சுற்றிய தகடு. பச்சை பூத்திருந்தது. நூலை அவிழ்த்துப் பிரித்தால் உள்ளே கட்டம் கட்டமாகக் கீறல், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எழுத்து. நடுக் கட்டத்தில் மகளுடைய பெயரின் முதல் எழுத்து.

முழங்கை வரை ஈரத்தோடு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மனைவி எப்போது வந்தாள் என்று தெரியாது. கையில் துன்னூறுப் பொட்டலத்தோடு நிலைப்படியில் நின்றாள்.

"நீ வச்சதா?" என்று கேட்டேன்.

"அக்கா கூட்டிட்டுப் போச்சு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கோடாங்கிகிட்ட."

கோடாங்கி உடுக்கடித்துக் குறி சொல்கிறவர், பேயை விரட்டத் தகடு எழுதித் தருகிறவர். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"பிள்ளைய ஓட்டுறதுக்கா?"

அவள் முகம் மாறிய விதத்தை நான் மறக்கவில்லை.

"நான் பெத்ததை நான் ஓட்டுவனா? வருசம் திரும்பிட்டா அது வேற வீட்டுக்குப் பொறக்கப் போயிருமாம். போகாம இருக்கத்தான் எழுதி வாங்குனேன். அதுக்குப் பிரியமான எடத்துல வைக்கச் சொன்னாரு. இந்த வீட்டுல இதை விட்டா அதுக்கு வேற என்னங்க பிரியம் இருந்துச்சு?"

அவள் மீது எனக்கு ஒரு மாதிரி பொறாமையாகக்கூட இருந்தது. குழந்தையை நிறுத்தி வைக்க அவள் பஸ் ஏறிப் போய் ஏதோ செய்திருக்கிறாள். நான் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் தொட்டியைப் பார்த்தாள். வெறும் மணலுக்கு மேல் மிச்ச மீன்கள் ஒதுங்கி நின்றன.

"இதுக சாகுறது இதுனாலயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பித்தளைத் திருகின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஆனால் அவள் நேராக என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமா. செம்பு தண்ணில கரையும். அதுகளுக்கு அது விஷம்."

"எம்புட்டு மிச்சம்?"

"ரெண்டு."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொட்டலம் பிரிந்து துன்னூறு மடியெல்லாம் கொட்டியது. "அது மீனுன்னா உசுர விட்டுரும்" என்றாள். "அதை இங்கயே இருக்கச் சொல்லிட்டு, அது கண்ணு முன்னாலயே ஒண்ணொண்ணாக் கொன்னிருக்கேன்." குரல் உயரவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். பிறகு எழுந்து என் கையிலிருந்த தகட்டை வாங்கி, முந்தானையால் துடைத்து, உள்ளே கொண்டுபோனாள். எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

மணலிலும் கல்லிலும் செம்பு ஊறியிருக்கும். அத்தனையையும் தூக்கிப் போட்டேன். புதுத் தண்ணீருக்கும் கல்லுக்கும் மண்டபம் போனபோது நானும் வாரேன் என்றாள். அதுவரை கடலைப் பார்க்க ஆசைப்பட்டதே இல்லை அவள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முட்டளவு தண்ணீரில் இறங்கி, கேனை அவளே அமுக்கி நிரப்பினாள். திரும்பி வரும் ரயிலில் முழங்காலுக்கிடையில் கேனை அணைத்துப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

அந்த ரெண்டு மீனும் பிழைத்துக்கொண்டன.

கார்த்திகையில் அந்த நாள் வந்தது. லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். மத்தியானம் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. மீன்கள் கல் இடுக்கை விட்டு வெளியே வரவில்லை. வெயில் சாய்ந்து கூடம் இருட்டத் தொடங்கியபோது அவள் கேட்டாள்.

"உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்ல."

"எனக்கும் கேக்கல."

அப்போதுதான் அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. நானும் அழுதேன்.

சில வருஷம் கழித்துக் காளவாசல் பக்கம் வீடு மாறினோம். அந்த மீன்கள் அதற்குள் வயதாகிச் செத்திருந்தன. தொட்டியைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேன். சாமான்களை வண்டியில் ஏற்றி முடித்து, நான் தெருவில் வண்டிக்காரரோடு நின்றிருந்தேன். மனைவி சாவியோடு வாசற்படியில் நின்று, காலியான வீட்டுக்குள் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"வா, போவோம்."

பிறகு, செருப்பு மாட்டத் தெரியாத ஒருத்தருக்காக நிற்பதுபோல் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் பூட்டினாள்.