நஞ்சுக்கொடி கட்டும் மரம்

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் சாலையில், எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆலமரம் நிற்கிறது. மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, அதன் கிளையில் தொங்கவிடுவோம். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்பது கணக்கு. நாய் தின்றுவிட்டால் மடி வற்றிப்போகுமாம். அந்த நாற்றத்துக்கும் காக்கைக் கூட்டத்துக்கும் நடுவில்தான் நான் தினமும் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிறேன். மற்ற பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு மூக்கு பழகிவிட்டது. காதுதான் பழகவில்லை.

அந்த மரத்தில் எங்கள் செவலை மாட்டின் மணி கேட்கும். செவலை செத்துப்போன மாடு.

நான் பிளஸ் டூ படித்தபோது அது கடைசிக் கன்றை ஈன்றது. கன்று நல்லபடியாக விழுந்தது; நஞ்சுக்கொடி மட்டும் பாதி தொங்கிக்கொண்டு விழாமல் நின்றது. அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் சாலையை அடைத்திருக்க, மாட்டு டாக்டர் நடுவில் மாட்டிக்கொண்டார். "நான் வர்ற வரைக்கும் கை வெக்காதீங்க" என்று போனில் சொன்னார். நைனாவுக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் செய்வதுதான், கனம் இழுத்தால் தானாக விழுந்துவிடும் என்று ஒரு கல்லை எடுத்து அதில் கட்டினார். கொஞ்ச நேரத்தில் கருப்பையே வெளியே வந்துவிட்டது. டாக்டர் வந்து சேர்ந்தபோது செவலைக்கு உயிர் இல்லை.

நைனா அழவில்லை. கல்லுளிமங்கன். கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். "கழுத்து மணி எங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "அத்தோடவே குழிக்குள்ள போயிடுச்சி" என்றார். அந்த மணியின் நாக்கு எப்போதோ விழுந்துபோய், பதிலுக்கு நைனா ஒரு டிராக்டர் நட்டை மாட்டியிருந்தார். டொக் டொக் என்று செத்த சத்தம். ஊரில் வேறு எந்த மாட்டுக்கும் அப்படி மணி கிடையாது. மண்ணுக்குள் போன மணி ஆலமரத்தில் அடித்தால் எனக்கு எப்படி இருக்கும்? அம்மாவிடம் சொன்னேன். "காலையில சாப்டாம போனா அப்டித்தான், காதடைக்கும்" என்றாள். நைனாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கல் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுக்காமல் என்ன? செஞ்சியில் எங்கே திரும்பினாலும் கல்தான். மலையே கல்லைக் குவித்து வைத்ததுதான். காலையில் கதவைத் திறந்தால் நைனா அதைத்தான் பார்க்க வேண்டும்.

பாக்கெட் பால் வாங்கி, பாட்டிலில் ஊட்டி அந்தக் கன்றை வளர்த்தோம். பால் ஊற்றுகிற வீடு பாக்கெட் பால் வாங்குகிறதே என்று கடைக்காரர் சிரித்தார். எரிச்சலாக வந்தது. அந்தக் கன்று வளர்ந்து, போன வாரம் தலைக்கன்று போட்டது. அதற்கும் நஞ்சுக்கொடி பாதியில் நின்றது.

நைனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார்; தொழுவத்துக்குள் வரவே இல்லை. "இன்னா ஆச்சி?" என்று அங்கிருந்தே கேட்டார். "இன்னும் இல்ல நைனா." மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில். இதுவும் போய்விட்டால் இந்த மனுஷன் இருக்க மாட்டார் என்று தோன்றியது. வெயில் சாயும் நேரத்தில் நஞ்சுக்கொடி பொத்தென்று விழுந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆலமரத்தில் ஏற இப்போது அவருக்கு முட்டி ஒத்துழைப்பதில்லை. அவரைக் கீழே நிற்கவைத்துவிட்டு நான் ஏறினேன். "பொம்பளப் புள்ள மரமேறுதுன்னு ஊரே சிரிக்கப் போவுது" என்று கிளம்பும்போதே அம்மா சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. மூட்டையைக் கட்டி முடித்து நிமிர்ந்தபோது காற்று வந்தது. டொக். தலைக்கு மேலே, இலை மறைவில், செவலையின் கழுத்துக் கயிறு. கயிற்றில் மணி. அந்த முடிச்சு நைனா போடுகிற முடிச்சு.

கை தானாக நீண்டது.

"கட்டிட்டியா?" கீழிருந்து நைனா.

"கட்டிட்டேன்."

"அப்ப எறங்கு. மேல இருக்கிறத தொடாத."