காதுக்குள் ஒன்று, காதின் மேல் ஒன்று

கல்யாணமான ஐந்தாவது மாதம் என் கணவர் சவூதிக்குப் போனார். எண்பதுகளின் தொடக்கம் அது. பழவேற்காட்டில் எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டு வீட்டு ஆண்கள் அங்கே இருந்தார்கள். கடிதம் வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். ஊருக்கு வருகிற யாரிடமாவது கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்பினால் குரலே வந்துவிடும். அதனால் கடிதத்தைவிடக் கேசட்டுக்குத்தான் மதிப்பு.

முதல் கேசட்டும் அதைப் போட்டுக் கேட்க ஒரு டேப் ரெக்கார்டரும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. அன்று மாலை மாமி, மாமா, நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று கூடம் நிறைந்துவிட்டது. அவர் எல்லோருக்கும் சலாம் சொன்னார். ஒவ்வொருவராக நலம் விசாரித்தார். என் முறை வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லா சாப்புடு. உம்மா சொல்றதக் கேளு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் டேப் வெறுமனே ஓடியது. வேறு எதையோ சொல்ல வந்து, இத்தனை பேர் கேட்பார்களே என்று நிறுத்திக்கொண்டார் என்பது எனக்குப் புரிந்தது. நாத்தனார் சிரித்தாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ரெக்கார்டர் வந்த அட்டைப்பெட்டியை மடித்து வைக்கும்போது அதன் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் இயர்போன் கிடந்தது. ஒற்றைக் காதுக்கானது. கொண்டைக்கடலை அளவு முனை, மெல்லிய கம்பி. அதன் கம்பியை ரெக்கார்டரில் செருகியதும் ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. சத்தம் என் காதுக்கு மட்டும் வந்தது. பதில் கேசட்டில் அவருக்குச் சொன்னேன்: "பெட்டியில காதுல வைக்கிறது ஒன்னு இருந்திச்சி. இனிமே மொதப் பக்கம் எல்லாருக்கும் பேசுங்க. ரெண்டாம் பக்கம் எனக்கு."

அடுத்த கேசட்டின் இரண்டாம் பக்கத்தை, கூடத்தில் மாமிக்கு எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். இயர்போன் முக்காட்டுக்குள் இருந்தது. அவர் என்ன பேசினார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

"இன்னா, தனியா சிரிச்சிக்கினு இருக்கே?" என்றார் மாமி.

"ஒன்னுமில்ல மாமி" என்று முறத்தில் குனிந்துகொண்டேன்.

அந்தக் கேசட்டின் கடைசியில் அவர் ஒன்று கேட்டிருந்தார். கூட இருப்பவர் ஒரு ஹெட்போன் வாங்கியிருக்கிறாராம். தலைக்கு மேல் வளைந்து இரண்டு காதையும் மூடுமாம். ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்குமாம். "உனக்கு எது வேணும், சின்னதே போதுமா, பெருசு அனுப்பட்டுமா?" என்னிடம் யாரும் அதுவரை எது வேண்டும் என்று கேட்டதில்லை. புடவைகூட வீட்டில் எடுத்துத் தருவதுதான். யோசித்துப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்தப் பதில் போய்ச் சேர்வதற்குள் அவர் பொறுமை இழந்து பெரியதையும் அனுப்பிவிட்டார்.

வந்ததன் கம்பி நுனியில் இருந்த செருகுமுனை தடிமன், ரெக்கார்டரில் நுழையவில்லை. மாமா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறி, ரேடியோ ரிப்பேர் கடையில் முனையை மாற்றிக்கொண்டு வந்தார். மாட்டிப் பார்த்தால் இடது காதில் மட்டும் சத்தம் வந்தது. மறுபடியும் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். கடைக்காரர் உள்ளே இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பற்றவைத்ததும் இரண்டு பக்கமும் பேசியது.

பெரியதில் என் கணவரின் குரலோடு அவர் மூச்சும் கேட்டது. பின்னால் லாரி போவதும், யாரோ தட்டு கழுவுவதும் கேட்டன. அவர் இருக்கும் அறை எவ்வளவு பெரியது என்றுகூடச் சொல்லிவிடலாம்போல் இருந்தது. ஆனால் வெளியே நடப்பது எதுவும் காதில் விழாது. முதல் நாளே பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

"ரெண்டு காதையும் அடைச்சிக்கினா வீட்ல யாரு கூப்பிட்டா உனக்குக் கேக்கப்போவுது?" என்றார் மாமி. மாமி சொன்னது நியாயம்தான். சின்னது அப்படியில்லை. ஒரு காது அவருக்கு, ஒரு காது வீட்டுக்கு. குரல் மெலிந்து வரும், அரை மணி நேரத்தில் காது வலிக்கும், ஆனால் யார் கண்ணிலும் படாது. நான் சின்னதையே வைத்துக்கொண்டேன். பெரியது பீரோ மேல் ஏறியது.

எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவரும் அக்கா ஒருவர் இருந்தார். ஏரிக்கு அப்பால் கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும். காது மந்தம், அதனால் எல்லோரிடமும் கத்திப் பேசுவார். ஒருநாள் கூடையை இறக்கிவைத்து, மடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். அவருடைய மகன் வளைகுடாவில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

"எம் புள்ள குரல் இதுக்குள்ள இருக்குதாம். போட்டுக் காட்டும்மா" என்றார்.

அவருக்குக் கேட்கும் அளவுக்கு ஸ்பீக்கரைத் திருகினால் தெருவுக்கே கேட்கும். வாசலில் அப்போதே இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சின்னதை அவர் காதில் வைத்தேன். "இன்னாமோ கொசு மாதிரி கத்துது" என்று எடுத்துவிட்டார். நான் ஸ்டூல் போட்டு ஏறி பீரோ மேலிருந்து பெரியதை எடுத்தேன். தூசியைத் துடைத்து, அவர் கொண்டையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மாட்டினேன். சத்தத்தை மெதுவாக ஏற்றினேன்.

அவர் கண்கள் அப்படியே நின்றன. இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

"நல்லா இருக்கேன்டா" என்றார் சத்தமாக. மகன் எதிரில் நிற்பதாகவே நினைத்துவிட்டார். மாமி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

"நைனாவும் நல்லாத்தான் இருக்குது. வலைக்குப் போவுது." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மாறியது. "எந்தக் கைடா? டேய், எந்தக் கை?" என்று கேட்டார். கேசட் அதற்குப் பதில் சொல்லாமல் அதன் போக்கில் ஓடியது. "சரி, நைனாகிட்ட சொல்லல" என்று முணுமுணுத்தார். மாமி சிரிப்பதை நிறுத்திவிட்டு, வாசலில் நின்றவர்களைப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அன்றே பதில் பதிவு செய்தேன். ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டு, ரெக்கார்டரோடு வந்த மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். அதில் கேட்டபோதுதான் ஃபேன் எவ்வளவு இரைகிறது என்று தெரிந்தது. ஃபேனை நிறுத்தினேன். அவர் கத்தினால் குரல் உடைந்தது; மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தேன். "எந்தக் கைனு மொதல்ல சொல்லு. பொறவு மத்தது" என்று அவர் பேசி முடித்தார். மூன்று மாதம் கழித்து மகனின் அடுத்த கேசட் வந்தது. கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றியவர், "எடது கைதானாம்மா. நல்லா ஆறிப்போச்சாம்" என்று என் கன்னத்தை வழித்தார். அன்று இறாலை மறந்து வைத்துவிட்டுப் போனதாகத்தான் நாங்கள் முதலில் நினைத்தோம். எங்களுக்கென்றே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதன் பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவிலிருந்து வந்தார்கள், குப்பங்களிலிருந்து படகில் வந்தார்கள், சுண்ணாம்புக்குளத்திலிருந்துகூட ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். யாருக்கு எது என்பது எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். மாமியாரோடு வருகிற இளம் பெண்ணுக்குச் சின்னது. முக்காடோ முந்தானையோ மறைத்துக்கொள்ளும். வயதானவர்களுக்குப் பெரியது. அழுவதற்கென்றே வருகிறவர்களுக்கும் பெரியதுதான், தங்கள் அழுகை தங்களுக்கே கேட்காது. பதிவு செய்யும்போது அவர்கள் சொல்வதெல்லாம் என் காதில் விழும். கேட்டேன், அங்கேயே மறந்தேன். ஒரு வீட்டுப் பேச்சு இன்னொரு வீட்டுக்கு என்னால் போனதில்லை. எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். என்னால் ஒரு வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்று எனக்கே தெரிந்தது அந்தக் கூடத்தில்தான்.

பொன்னேரியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவரிடம் மாமி சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டேன். "இந்த ஊரு பொம்பளைங்க பேச்சு பாதி எம் மருமக காதுலதான் இருக்குது. ஒரு வார்த்த வெளிய வந்ததில்ல."

சவூதிக்குப் போய் இரண்டரை வருடம் கழித்து என் கணவர் விடுமுறையில் வந்தார். சொல்லியிருந்த நாளுக்கு முந்தைய நாளே வந்துவிட்டார். மத்தியானம், வாசலில் டாக்சி நின்றபோது உள்ளே ஒரு பெண் கேசட் கேட்டுக்கொண்டிருந்தாள், இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர் பெட்டியோடு படியேறினார். மாமி கதவருகே போய் மகனின் முகத்தைத் தடவி, நெற்றியில் முத்தமிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கொஞ்சம் வெளிய இருப்பா. உள்ள பொம்பளைங்க கேட்டுக்கினு இருக்காங்க."

அவர் பெட்டி மேல் உட்கார்ந்து காத்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் இடத்தை விட்டு எழவில்லை; அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருந்தது.