டிக்கெட் எடுத்த மகாராணி

எங்கள் முதியோர் இல்லத்தில் அவளுக்கு மகாராணி என்று பட்டம் சூட்டியதே சமையற்காரியான நான்தான். உடம்பு வளையாத பராமரிப்பாளரை வேறெப்படி அழைப்பது?

மறதி நோய்க்காரர்களுக்கு எந்த வகை மருந்து தோது என்று மேனேஜர் கேட்டதும் முந்திக்கொண்டாள். "மாத்திரைய துப்புறாங்க, சிரப்ப சட்டைல வழிய விடறாங்க. தோல்ல ஒட்டுற பேட்ச்தான் சார் நல்லது. ஒட்டினோமா போனோமான்னு இருக்கலாம்."

கைக்கு எட்டாதபடி முதுகில் ஒட்டச் சொல்லி நர்ஸ் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். சட்டையைத் தூக்க மகாராணிக்கு நோகுமே! ஒரு காலத்தில் பஸ் கண்டக்டராக இருந்த பெரியவருக்குக் கையிலேயே ஒட்டிவிட்டுப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் மகள் வந்தாள்.

"அப்பாவுக்கு மருந்து போட்டாச்சா?"

"அதெல்லாம் காலையிலயே ஒட்டியாச்சும்மா," என்றாள் மகாராணி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் அப்பாவின் கையைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"எங்கேப்பா அது?"

பெரியவர் மகாராணியின் தோளைக் காட்டினார். சீருடைமேல் பேட்ச் ஜம்மென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவங்க டிக்கெட் எடுத்துட்டாங்க. நீ எங்கம்மா போகணும்?"

அந்த அறையில் தன் வேலையை மறக்காதவர் அவர் ஒருவர்தான்.