கடலில் எழுந்த சிவப்பு வெளிச்சம்

சில வருஷங்களுக்கு முன் போர்ட் பிளேரில் நடந்தது இது. பங்குனி உத்திரத்துக்குக் கடற்கரையில் வாணவேடிக்கை நடத்த அனுமதி கேட்டு என் கணவர் பலமுறை ஆபீசுக்கு நடந்தார். "கல் ஆவோ" என்று நாளைக்கு வரச்சொல்லியே அனுப்பினார்கள். திருவிழாவன்று மாலைவரை அனுமதி வரவில்லை. பட்டாசுப் பெட்டிகள் எங்கள் வீட்டிலேயே கிடந்தன.

விஷயம் தெரியாமல் கரையில் கூட்டம் காத்திருந்தது. ஹேவ்லாக் தீவில் மேஸ்திரி வேலை பார்த்த என் தம்பி லாஞ்சுப் படகில் வருவதாக இருந்ததால் நானும் நின்றேன். இருட்டும் நேரம், தூரத்தில் கடலுக்கு மேலே சிவப்பு வெளிச்சம் சீறி எழுந்தது.

"பர்மிஷன் மில் கயா, கெடச்சிருச்சு அக்கா. கடல்லேர்ந்து விடுறாங்க" என்றாள் பக்கத்து வீட்டு செல்வி. எல்லோரும் கைதட்டினோம். இன்னொன்று எழுந்தது. அதற்கும் தட்டினோம்.

அப்போதுதான் வந்த என் கணவர், "நம்ம பெட்டியெல்லாம் வீட்லதான இருக்கு. அது ஆபத்துன்னு கூப்பிடுற வெளிச்சம்" என்று சொல்லிவிட்டு படகுகள் வந்து நிற்கும் ஜெட்டிக்கு ஓடினார்.

தம்பி வந்த லாஞ்சு மூழ்கியிருந்தது. தேடிப் போன படகு இரண்டு பேரைத்தான் மீட்டு வந்தது. என் தம்பி அதில் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் கடல் பக்கம் எந்த வெளிச்சம் எழுந்தாலும் முதலில் ஜெட்டிக்கு ஆள் அனுப்புகிறேன். போனவர்கள், "ஒண்ணுமில்லக்கா, பட்டாசுதான்" என்று சிரித்துக்கொண்டே திரும்புகிறார்கள். சிரிக்கட்டும்.