துவைக்கிற கல்லுக்குப் பெயர் சொன்ன நாள்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியைத் தாண்டி, வெள்ளானூர் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து பஸ் பிடித்து, ஆவடியில் ரயில் ஏறி, சென்னைக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது கலை வரலாறும் தொடர்பியலும். சொன்னால் ஊரில் யாருக்கும் புரியாது. "செல பாக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று சிரிப்பார்கள். அதனால் வெளியூர் உறவுக்காரர்கள் கேட்டால் எம்.காம் என்று சொல்லிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணம் பேச அதுதான் எடுபடுமாம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் ஊர் அம்மன் கோயிலில் திருப்பணி நடந்தது. படிக்கட்டுக்கு ஆகுமென்று, குளத்தங்கரையில் இருந்த துவைக்கிற கல்லைக் கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். ஊரே காலங்காலமாகத் துணி துவைத்த கல். புரட்டினால் அடியில் ஒரு பெண் உருவம். எந்தச் சாமி என்று பூசாரிக்கே தெரியவில்லை. திருப்பணிக் கமிட்டித் தலைவர் என் சித்தப்பாதான். "செலைக்குப் படிக்கறவ நம்ம ஊட்லயே கீறாளே, கூப்டு அவள" என்று ஆள் அனுப்பினார். என் படிப்புக்கு ஊரில் கிடைத்த முதல் மரியாதை அது. தலைகூட வாராமல் ஓடினேன்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு ஸ்லைடில் எத்தனையோ தடவை காட்டிய உருவம். தொங்கவிட்ட கால்கள், பெரிய வயிறு, ஒரு பக்கம் மாட்டு முகத்தோடு மகன், மறுபக்கம் மகள், கூடவே காக்கைக் கொடி. மூத்த தேவி. பல்லவர் காலத்தில் கோயிலுக்குள் வைத்துக் கும்பிட்டவளைப் பிற்பாடு மூதேவி என்று வெளியே தள்ளிவிட்டார்கள். இங்கே குப்புறக் கிடந்து எங்கள் அழுக்குத் துணியைத் தாங்கியிருக்கிறாள்.

என் முகத்தைப் பார்த்து, கூட்டத்தில் நின்றிருந்த அப்பாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். தனியே கூப்பிட்டுக் கேட்டார், சொன்னேன். ஃபேக்டரியில் ஷிப்டு வேலை பார்க்கிறவர், யாரோடும் வம்புக்குப் போகாதவர். "மூதேவின்னு சொன்னா ஒடச்சி பாழுங்கெணத்துல போட்டுடுவானுங்கம்மா. வேற ஏதாச்சும் அம்மன் பேரு சொல்லிடு, நீ சொன்னா நம்புவாங்க. கல்லும் பொழச்சிக்கும்" என்றார்.

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், பட்டுப்புடவை சுற்றிக் கோயிலுக்குள் வைத்துவிடுவார்கள். ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம். எம்.காம் என்ற பொய்யோடு நான் நடமாடுவது போதாதா? இத்தனை காலம் தாக்குப்பிடித்தவள், அவளும் பெயரை மாற்றிக்கொண்டுதான் பிழைக்க வேண்டுமா?

திரும்பி வந்து கூட்டத்தின் நடுவில் நின்று, "இது மூதேவிதான்" என்றேன். அவள் கதையையும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியைக்கூட யாரும் காதில் வாங்கவில்லை. சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "காலங்காத்தால சொல்ற பேரா இது? ஒடச்சி கெணத்துல போடுங்கப்பா" என்றார். சம்மட்டியோடு ஒருவர் வந்தார். நான் சிலைக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதுக்குத்தான் உன்ன படிக்க வெச்சோமா?"

"ஆமா சித்தப்பா, இதுக்குத்தான்" என்றேன். எழுந்திருக்கவில்லை.

கூட்டத்தின் முன்னால் பேசுவது எப்படி என்று தொடர்பியலில் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். அந்த நேரத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. ஊர்க் கூட்டத்தில் அதுவரை வாயே திறக்காத என் அம்மா, துணி வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"இத்தினி வருசமா இது மேலதான் தொவச்சிகினு கீறோம். யாரு ஊடு கெட்டுப் போச்சு? நீங்க கட்டிகினு கீறீங்களே அந்த வெள்ள வேட்டி, அதுவும் இதுல தொவச்சதுதான்" என்றாள் சித்தப்பாவிடம்.

பின்னாலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, "எங்க ஊட்டுக்காரரு தெனிக்கும் என்ன மூதேவின்னுதான் கூப்டறாரு. அப்ப என்னையும் ஒடச்சிப் போட்டுடுவீங்களா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். துவைக்க வந்த மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெயரால் திட்டு வாங்காதவள் அதில் ஒருத்திகூட இருந்திருக்க மாட்டாள். தன் மனைவியும் எங்களோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த சம்மட்டிக்காரர், சித்தப்பா கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கோயிலுக்குள் இடம் கிடைக்கவில்லை. குளத்தங்கரையிலேயே புங்கமரத்தடியில் நிமிர்த்தி வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். சித்தப்பா வெகுநாள் என்னோடு பேசவில்லை, நானும் போய்ப் பேசவில்லை. படிப்பை முடித்தேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் என்ன படித்தேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். சிலர் காபியைக் குடித்துவிட்டுப் பதில் சொல்லாமலே போனார்கள், போகட்டும்.

நான்தான் அந்தச் சிலையைக் காப்பாற்றினேன் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள், ஆனால் அவளை அவள் பெயரோடேயே நிமிர்த்தி உட்கார வைத்த அன்றைக்குத்தான் நாங்களும் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்று எனக்குத் தோன்றுகிறது.