வளைவில் ஹாரன் அடிக்காதீர்

1. லைசென்ஸ்

"வண்டி ஓட்டத் தெரியுமுங்களா?" என்று கேட்டார் மாணிக்கம் முதலாளி. ஊட்டி ஏரிக்குப் பக்கத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்காக வீடியோ கேம் ஹால் நடத்திக்கொண்டிருந்தவர்.

நான் ஹெவி லைசென்ஸை எடுத்து நீட்டினேன். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பல வருஷம் லாரி ஓட்டியவன் நான். தூள் மூட்டைகளோடு பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குவேன், ஃபேக்டரிக்கு வேண்டிய சாமான்களோடு ஏறுவேன். என்னைப் பார்த்து வண்டி ஓட்டத் தெரியுமா என்று ஒருவர் கேட்டால் சுருக்கென்று கோபம் வரத்தான் செய்யும். வேலை கேட்டு வந்த இடம் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

அவர் லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஹாலின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஒன்றைக் காட்டினார்.

"அப்ப அந்த வண்டிய நீங்க பாத்துக்குங்க."

தார்ப்பாயை விலக்கினேன். இரண்டு சீட், இரண்டு ஸ்டியரிங், இரண்டு திரை. கார் பந்தய விளையாட்டு மெஷின். அதுவும் சாதாரணக் காரில்லை, சக்கரமே இல்லாமல் தரைக்கு மேலே பறக்கிற கார். எதிர்காலத்தில் வண்டிகள் இப்படித்தான் ஓடும் என்று யாரோ கற்பனை செய்து உண்டாக்கியது. அந்த எதிர்காலத்தின் மேல் இரண்டு விரல் கனத்துக்குத் தூசி படிந்திருந்தது.

இலைக்கு விலை விழுந்திருந்த காலம் அது. சிறு விவசாயிகள் பறித்த பச்சை இலையை வாங்க ஆளில்லாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டின, எங்களுடையதும் பூட்டியது. எஸ்டேட்டில் இலை பறித்துக்கொண்டிருந்த என் மனைவி செல்விக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. தெரிந்த குடும்பங்கள் எல்லாம் திருப்பூருக்கு இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே பனியன் கம்பெனியில் இருந்த என் மைத்துனன் எனக்கும் பேக்கிங்கில் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தான்.

எனக்கு இறங்க மனமில்லை. செல்விக்கும் இல்லை. "நீங்க சொன்னா வர்றேனுங்க. ஆனா அந்த வெயிலு எனக்கு ஆகாது," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவள் ஒரு தடவை சொன்னால் பத்துத் தடவை சொன்ன மாதிரி.

முதலாளி ஒளிவு மறைவு இல்லாதவர். மே மாச சீசன் முடிகிறவரை பார்ப்பார். அதற்குள் மெஷின் தன் சோற்றைத் தானே சம்பாதிக்காவிட்டால் அது பழைய இரும்புக்குப் போகும். மெஷினுக்காக எடுத்த ஆளும் கிளம்ப வேண்டியதுதான். எனக்கும் திருப்பூருக்கும் நடுவில் அந்தப் பறக்கும் கார் மட்டும்தான் நின்றது.

2. சிவப்புப் பொத்தான்

மெஷினில் பெரிய பழுது ஒன்றும் இல்லை. ஆக்சிலேட்டர் பெடல் அழுத்தினால் எழுந்திருக்காது. உள்ளே ஸ்பிரிங் அறுந்திருந்தது, வேறொன்று தேடி மாட்டினேன். திரையில் கோடு கோடாக வந்ததற்குக் காரணம் ஊட்டியின் ஈரம். ராத்திரி ஹாலைப் பூட்டும்போது உள்ளே ஒரு நாற்பது வாட்ஸ் பல்பை எரியவிட்டுப் போனேன், நாலே நாளில் படம் தெளிந்தது. டிவி மெக்கானிக்குகளைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், படம் தெளிந்ததா இல்லையா?

ஆட்டம் தொடங்குமுன் திரையில் ஒரு வருஷம் வரும், இந்த வருஷத்தில் மனிதர்கள் இப்படிப் பறப்பார்கள் என்று. அந்த வருஷம் வந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எதிர்காலம் என்னவோ சொன்ன தேதிக்குச் சரியாக வந்துவிட்டது, வண்டி மட்டும் பறக்கவில்லை. எங்கள் லாரி ஷெட்டைவிட்டு நகரக்கூட இல்லை.

எல்லாம் முடிந்ததும் முதலாளி வந்து பின்னால் நின்றார். "ஓட்டுங்க, பார்ப்போம்."

உட்கார்ந்தேன். பாதை பிரமாதமாக இருந்தது. மலை மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு இறங்கியது, பக்கத்தில் கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. மலை டிரைவர் வளைவைப் பார்த்தால் கை ஹாரனுக்குப் போகும், யோசித்துப் போவதில்லை, தானாகப் போகும். லாரியில் ஹாரன் இருக்கிற அதே இடத்தில், ஸ்டியரிங்கின் நடுவில், ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.

என் வண்டியிலிருந்து நெருப்பு கிளம்பிப் போய், முன்னால் போன வண்டி சிதறியது.

எனக்கு வேர்த்துவிட்டது. பிரேக்கை மிதித்து ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த அத்தனை வண்டியும் என்னைத் தாண்டிப் போயின. முதலாளி ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

"ஆக்சிடென்ட் ஆயிருச்சுங்களே. எறங்கிப் பாக்க வேண்டாமுங்களா?"

அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிவப்புப் பொத்தான் ஹாரன் இல்லை, குண்டு என்று விளக்கினார். மறுபடி ஓட்டினேன். அடுத்த வளைவிலும் கை அங்கேதான் போனது, இன்னொரு வண்டி போயிற்று. இறக்கத்தில் வேகத்தைக் குறைத்தேன். எதிரே வண்டி ஏறி வந்தால் வழி விட வேண்டுமே என்று ஓரம் கட்டினேன்.

"எதுக்க ஒருத்தனும் வரமாட்டானுங்க," என்றார் முதலாளி.

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். கடைசி ஆளாக வந்து சேர்ந்தேன்.

3. மழைக்கு ஒதுங்கியவர்கள்

சீசன் தொடங்கியது. பக்கத்திலிருந்த புது மெஷின்களில் பிள்ளைகள் மொய்த்தார்கள். என் மெஷினுக்கு வந்தவர்கள் திரையை ஒரு பார்வை பார்த்து, "அங்கிள், இது ஓல்டு கேம்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். எட்டு வயசுப் பிள்ளை வாயால் கிழம் என்று கேட்பது அந்த மெஷினுக்கு எப்படி இருந்ததோ, எனக்குச் சுரீரென்றது.

நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தவன் நானே டோக்கன் போட்டு ஓட்டினேன். பழக்கத்தை மீறி வேகம் பிடித்தால், அப்பாடா, அது ஓட்டமா? மூட்டை இல்லை, டீசல் கவலை இல்லை, பிரேக் ட்ரம் சூடேறும் பயம் இல்லை. ஆயுசு முழுக்க இரண்டாம் கியரில் இறங்கியவனுக்கு அந்த வேகம் தலைக்கேறியது. இவ்வளவு நல்ல வண்டியை ஒருவரும் தொடவில்லையே என்று வயிறு எரிந்தது.

ஒருநாள் மத்தியானம் மழை கொட்டியது. வெளியே டூரிஸ்ட் வேன் நிறுத்தத்தில் இருந்த டிரைவர்கள் ஓடிவந்து ஹால் வாசலில் ஒதுங்கினார்கள். அதில் பீட்டரும் இருந்தான். எங்கள் ஃபேக்டரியிலேயே இலை லாரி ஓட்டியவன், பூட்டிய பிறகு டாக்ஸிக்கு மாறியிருந்தான். என் கஷ்டத்தை அவனிடம் சொன்னேன், அவன் தன் கஷ்டத்தை என்னிடம் சொன்னான். உரல் போய் மத்தளத்திடம் முறையிட்ட கதை. பேச்சு அலுத்ததும் அவனையும் ஒரு கோயமுத்தூர் வேன் டிரைவரையும் சீட்டில் உட்கார வைத்தேன். சிவப்புப் பொத்தானைப் பற்றி வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

முதல் வளைவு. பீட்டரின் கை நேராக ஹாரனுக்குப் போனது. கோயமுத்தூர்க்காரர் வண்டி சிதறியது.

"ஏனுங்க, என்ற வண்டியச் சுட்டுப்போட்டீங்க?"

"சுடலைங்க, ஹாரன் அடிச்சேன்."

வாசலில் நின்றவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். நானாக இருந்தால் அடிக்கவே மாட்டேன் என்று சபதம் போட்டு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் அடித்தார்கள். தோற்றவர்கள் ஸ்டியரிங் சரியில்லை, சீட் பள்ளமாக இருக்கிறது என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. டூரிஸ்டுகள் படகுக்கும் தோட்டத்துக்கும் போனால் திரும்ப எத்தனையோ நேரம் ஆகும். அதுவரை டிரைவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. வேனுக்குள் படுப்பார்கள், சீட்டாடுவார்கள், முதலாளிகளைத் திட்டுவார்கள். ஊட்டியில் அத்தனை கடையும் வேனிலிருந்து இறங்குகிறவர்களுக்குத்தான் திறந்திருந்தது. ஓட்டி வந்தவனுக்கு ஒன்றும் இல்லை.

மறுநாளே ஒரு தகரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, மலைப்பாதையில் நெடுஞ்சாலைக்காரர்கள் வைக்கிற போர்டு மாதிரியே எழுதி, வேன் நிறுத்தத்தைப் பார்த்த மாதிரி வாசலில் மாட்டினேன்.

"டிரைவர்கள் கவனத்திற்கு. வளைவில் ஹாரன் அடிக்காதீர்."

எல்லா வளைவிலும் ஒலி எழுப்பவும் என்று படித்தே ஏறி வந்தவர்கள், இது என்ன கூத்து என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். கேட்டவர்களை நான் சீட்டில் உட்காரச் சொன்னேன். தங்கள் டிரைவரைத் தேடி வந்த குடும்பங்களும் நின்று வேடிக்கை பார்த்தன. மலையில் தங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த மனிதர் இங்கே வளைவுக்கு ஒரு வண்டியாகக் கொளுத்துவதைப் பார்த்துப் பிள்ளைகள் குதித்தார்கள். இறங்கும்போது நினைத்துப் பயந்திருப்பார்களோ என்னவோ.

முதலாளி மட்டும் நம்பவில்லை. "மழைக்கு ஒதுங்கற கூட்டமுங்க இது. வெயில் வந்தா காணாமப் போயிரும்," என்றார். இரும்புக்காரரிடம் ஏற்கனவே பேசி முடித்திருந்தார்.

4. காலி லாரி

சீசன் முடிகிற வாரம் மெஷினை ஏற்றிப்போக இரும்புக்காரரின் லாரி வந்தது. அன்றைக்கென்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காலை நேரம், ஹாலில் ஒரு குருவி கிடையாது. முந்தின நாள்தான் செல்வி திருப்பூர் போகப் போர்வைகளை மூட்டை கட்டியிருந்தாள்.

லாரி டிரைவர் மேட்டுப்பாளையத்துக்காரர். இரண்டு லோடுமேன்களோடு உள்ளே வந்து எதை ஏற்ற வேண்டும் என்றார். காட்டினேன். என்ன மெஷின் என்று கேட்டார்.

"வண்டிதானுங்க. ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு ஏத்துங்க," என்றேன். என் பாக்கெட்டிலிருந்த டோக்கனைப் போட்டேன்.

உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே ஹாரன் அடித்தார். சிதறிய வண்டியைப் பார்த்து ஒரு கணம் முகம் வெளுத்தது, பிறகு சிரித்தார். இன்னொரு டோக்கன் கேட்டார். லோடுமேன்கள் கயிற்றோடு நின்றார்கள். கூப்பிட்டால், "இருங்கப்பா, இன்னொரு ரவுண்டு," என்றார். அடுத்த சீட்டில் ஒரு லோடுமேனே போய் உட்கார்ந்துவிட்டான்.

மத்தியானம் வேன்கள் வந்து நின்றன. வெளியே பளீரென்று வெயில். டூரிஸ்டுகள் படகுக்குப் போன பின், நான் வாசலைப் பார்க்கவே பயந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் பீட்டரின் குரல் கேட்டது. அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பேர். வரிசை வாசலைத் தாண்டியது. தனக்கு முன்னால் யாரோ ஒரு லாரிக்காரர் இடம் பிடித்திருப்பதாகப் பீட்டர் சண்டைக்கு நின்றான்.

முதலாளி வந்தார். இரும்புக்கு ஏற்ற வந்த ஆள் பறந்துகொண்டிருப்பதைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். வெளியே போய் அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"வந்த வாடகையக் குடுத்துடறேன்," என்றார் லாரி டிரைவரிடம். "வண்டி காலியாவே எறங்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "கணேசன், அந்த போர்டு பெயின்ட் உரியுது. மழைக்கு முன்னால இன்னொரு கோட்டிங் அடிச்சிருங்க."

அவ்வளவுதான். வேலை நிரந்தரம் என்றோ, சபாஷ் என்றோ சொல்லவில்லை. எனக்கு அது போதும். அந்த ஹாலில் பிறகு பல வருஷம் இருந்தேன், மெஷினும் இருந்தது.

தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். வாசலில் வருகிறவர்களை எல்லாக் கடைக்காரரும் பார்ப்பார்கள். அவர்களைக் கூட்டிவந்துவிட்டு வெளியே காத்துக்கிடக்கிறவர்களைப் பாருங்கள். என் பிழைப்பு அங்கே நின்றுகொண்டிருந்தது. மழை வந்திருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

அன்று லாரியை வழியனுப்பச் சாலைவரை போனேன். நான் போயிருக்க வேண்டிய பாதையில் அது காலியாக இறங்கியது. வளைவில் திரும்பி மறைந்ததும் ஹாரன் கேட்டது. என் உள்ளங்கை தானாக அசைந்தது. போர்வை மூட்டையை அவிழ்க்கச் சொல்லலாம் என்று வீட்டுக்கு ஓடினேன்.